அத்தையின் படுக்கைப்புண் ஆறிய கதை

பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்துபோன என் மாமியாரை மருத்துவமனையிலிருந்து குடியாத்தம் வீட்டுக்கு அழைத்து வந்தது பங்குனி மாதம். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வரிவரியாக இருந்தன. வால் எலும்புக்கு மேலே கறுத்துக் கன்றிப்போயிருந்த தோலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. உடம்பு துடைக்கத் திருப்பியபோதுதான் நாங்களே பார்த்தோம். சித்திரை பிறப்பதற்குள் அது உடைந்து புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணை வீட்டில் வைத்தே எப்படி ஆற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏஜென்சி மூலம் 'ஹோம் நர்ஸ்' என்று ஒரு பெண் வந்தார். நல்ல பெண்தான், பாவம், சொல்லிக் கொடுத்தவர்கள் சரியில்லை. கன்றிய இடத்தில் ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்ப்பார், மேலே பவுடர் கொட்டுவார், நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை அடியில் வைப்பார். தேய்த்தால் ஏற்கெனவே அடிபட்ட திசு இன்னும் சிதையும். வளையமோ சுற்றிலும் அழுத்தி, நடுவில் வரவேண்டிய ரத்தத்தையும் தடுத்துவிடும். சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய ஊர் எங்கள் பக்கத்து வேலூர், 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. இங்கே படித்த நர்சுகள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர் யார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பிரஷர் மாத்திரை கொடுக்கத் தெருவுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்காதான் வழி சொன்னார். "சிஸ்டர் வீட்டுக்கே வருவாங்க, பேரு எழுதிக்கிறேன், சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு குடும்மா" என்றார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் இது. மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள். காசு கிடையாது. ஆனால் ஒரு சிஸ்டர் எத்தனையோ ஊர்களைப் பார்க்கவேண்டும். அவர் வராத நாளெல்லாம் நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வந்த சிஸ்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை, காது மடல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நம்ம நிறத்துக்குச் சிவப்பு சட்டுனு தெரியாதும்மா. கையை வச்சுப் பாருங்க." பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருந்தாலோ, இறுகியோ கொழகொழவென்றோ இருந்தாலோ அங்கே அடுத்த புண் வரப்போகிறது என்று அர்த்தமாம். இடது குதிகாலில் அப்படி ஓர் இடம் இருந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிட்டோம். அது புண்ணாகாமலே போய்விட்டது.

அப்புறம் ஒரு நோட்டு கேட்டார். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில், படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோல் என்று ஆறு வரி எழுதினார்: உணர்வு, ஈரம், எழுந்து நடப்பது, படுக்கையில் அசைவது, சாப்பாடு, உராய்வு. மொத்தம் 23 மார்க். 18 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கைப்புண் வரும் ஆபத்து உண்டு. அத்தைக்கு 11 வந்தது. "நடக்கிறதை நாம இப்போ மாத்த முடியாது. ஈரம், சாப்பாடு, உராய்வு மூணும் உங்க கையில இருக்கு" என்றார். அடுத்த பக்கத்தில் புண்ணின் அளவு: தலை முதல் கால் திசையில் நீளம் 5 செ.மீ., குறுக்கே அகலம் 4 செ.மீ. கொழுப்பு தெரிந்தது, எலும்பு தெரியவில்லை. படுக்கைப்புண்ணின் நான்கு நிலைகளில் அது மூன்றாம் நிலை. வாரம் ஒருமுறை அதே பக்கமாகப் படுக்க வைத்து அளக்கவேண்டும். சீழ், காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சூடு பரவுவது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

திருப்பிப் படுக்க வைப்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எல்லாரும் சொல்கிறார்கள், ராத்திரியும் அப்படியென்றால் அத்தை எப்போது தூங்குவார், நான் எப்போது தூங்குவேன்? கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் நடந்து 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொன்னார். அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்ததில், புண் வருவதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். "ஆனா அவங்களுக்கெல்லாம் ஏற்கெனவே புண் கிடையாது, மெத்தையும் நல்ல மெத்தை. உங்க அத்தை படுத்திருக்கிறது இலவம்பஞ்சு. அந்தக் கணக்கை அப்படியே இங்க போட முடியாது" என்றார். ஆதாரம் சார்ந்த செவிலியம் என்று அவர்கள் படிப்பில் இருக்கிறதாம். அது முக்காலி மாதிரி: ஆய்வு ஒரு கால், நர்சின் அனுபவம் ஒரு கால், நோயாளியின் விருப்பமும் வீட்டு நிலைமையும் மூன்றாவது கால். எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவதுதான். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நல்ல மெத்தை வந்த பிறகு இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று முடிவானது. மல்லாக்கப் படுக்கவே கூடாது, நேர் பக்கவாட்டிலும் கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கையைக் கொடுத்து இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். இழுக்கும்போது தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் நகரும், நடுவில் ரத்தக்குழாய்கள் கிழியும். சிஸ்டர் ஒரு பழைய லுங்கியைக் கேட்டார். லுங்கிக்குக் குடியாத்தத்தில் பஞ்சமா? பிரித்து, நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்தோம். நானும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, எண்ணித் தூக்கி நகர்த்தினால் அத்தைக்கு வலியே தெரியவில்லை. என் இடுப்பும் பிழைத்தது.

காற்று மாறி மாறி நிரம்பும் பம்ப் மெத்தையை வேலூரில் ஒரு சர்ஜிகல் கடையில் வாடகைக்கு எடுத்தோம். கத்திரி வெயிலில் கரண்ட் போனால் மெத்தை மெல்ல இறங்கிவிடும். அடியில் பழைய மெத்தையை எடுக்காமல் விட்டதால் கட்டில் பலகை முதுகில் படவில்லை. வாங்குபவர்கள் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரெல்லாம் சொந்தக்காரர்கள், வந்தவர்கள் எல்லாரும் அத்தையைப் பார்க்க வந்தார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மஞ்சள் அரைத்துப் போடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்று, நுரைத்தால் கிருமி சாகும், எல்லாவற்றுக்கும் மேலே "கட்டைப் பிரிச்சுக் காத்தாட விடும்மா, காஞ்சாத்தான் ஆறும்" என்று பெரியம்மா ஒருவர். பெரியவர்களிடம் என்ன வாதாடுவது, சரி பெரிம்மா என்றேன். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயம் காய விட்ட காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று காட்டிவிட்டார். காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் வழி தேடித் தேடித்தான் வளரவேண்டியிருக்கும். பெராக்சைடு கிருமியோடு சேர்த்துப் புதுத் திசுவையும் கொன்றுவிடும். நாங்கள் கழுவியது உப்புத் தண்ணீரில் மட்டும்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 9 கிராம் உப்பு, தினமும் புதிதாக. மேலே ஃபோம் டிரெஸ்ஸிங் என்ற மெத்தென்ற கட்டு, கையில் காசு குறைந்த நாட்களில் பாரஃபின் காஸ் என்ற மெழுகு தடவிய வலைத்துணி.

சாப்பாட்டில் ஒரு கணக்கு என்னை அசர வைத்தது. புண் உள்ளவருக்கு எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். அத்தை 44 கிலோ, அப்படியென்றால் தினம் 55 கிராமுக்குக் குறையக் கூடாது. நாங்கள் சத்து என்று நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்த கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளரில் இரண்டு கிராம் இருந்தாலே அதிகம். கிட்னி நன்றாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்த பிறகு முட்டை, குழையவைத்த பருப்பு, தயிர், மசித்த மீன், வேர்க்கடலைப் பொடி என்று சேர்த்தோம். உட்கார வைத்துத்தான் ஊட்டவேண்டும், சாப்பிட்ட உடனே படுக்க வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

நடுவில் ஒரு வாரம் புண் சின்னதாகாமல் பெரிதானது. சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். சளிக்கு மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிய மறுநாளிலிருந்து 'பேதி' என்று எழுதியிருந்தது. ஈரம்தான் காரணம். டயப்பரை உடனுக்குடன் மாற்றி, வெறும் தண்ணீரில் ஒற்றித் துடைத்து, சுற்றிலும் துத்தநாக ஆக்சைடு களிம்பு பூசினோம். அடுத்த அளவிலேயே பழையபடி குறைய ஆரம்பித்தது. நோட்டு இல்லாவிட்டால் மெத்தையைக் குறை சொல்லியிருப்போம், அல்லது கண்ணேறு என்று சுற்றிப் போட்டிருப்போம்.

ஆவணியில் புண் மூடியது. மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சிஸ்டர் வேண்டாம் என்றார். ஆறிய தோலுக்குப் பழைய பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பாது, உடைந்தால் அதே இடம்தான் முதலில் உடையும். அதனால் மாதாமாதம் வாடகை கட்டுகிறோம், இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதும் தொடர்கிறது. வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.