ஓராண்டின் உலக நிகழ்வுகளையும் மறைவுகளையும் படிப்பது எப்படி: 2022-ஐ வைத்து ஒரு பயிற்சி

போட்டித் தேர்வின் நடப்பு நிகழ்வுப் பகுதிக்காக நாம் வாங்கும் ஆண்டுத் தொகுப்புகள் பல டிசம்பர் நடுவிலேயே அச்சுக்குப் போய்விடுகின்றன. அடுத்த ஆண்டின் தொகுப்போ ஜனவரி 1-இல் தொடங்குகிறது. நடுவில் உள்ள பத்துப் பதினைந்து நாள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. 2022-இல் பீலே மறைந்தது டிசம்பர் 29. போப் பதவியிலிருந்து 2013-இல் விலகிய பதினாறாம் பெனடிக்ட் மறைந்தது டிசம்பர் 31. இரண்டும் அந்த இடைவெளியில்தான் விழுந்தன. மறுமுனையிலும் இதே கோளாறு உண்டு. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மறைந்தது 2021 டிசம்பர் 26. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்பட்டது அதற்கு முந்தைய நாள். இவ்விரண்டையும் 2022 கணக்கில் எழுதி வைத்திருக்கும் குறிப்புகள் ஏராளம். எனவே எந்த ஆண்டுக்கு நோட்டுப் போட்டாலும், முந்தைய ஆண்டின் டிசம்பர் 15-இலிருந்து தொடங்குங்கள்.

பயிற்சிக்கு 2022-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. போர், ஆட்சிக் கவிழ்ப்பு, அரச மரணம், படுகொலை, உலகக் கோப்பை என எல்லா வகையும் அந்த ஆண்டில் இருக்கின்றன. அன்று பாதியில் நின்ற பலவும் பிறகு எப்படி முடிந்தன என்பதும் இப்போது தெரியும். முறை கைவந்தபின் உங்கள் தேர்வுக்குரிய ஆண்டுக்கு அப்படியே பயன்படுத்தலாம்.

நோட்டு அமைப்பு எளிமையாக இருக்கட்டும். மாதத்துக்கு எதிரெதிராக இரண்டு பக்கம்: இடப்பக்கம் நிகழ்வுகள், வலப்பக்கம் மறைவுகள். மாதத்துக்கு ஐந்தாறு உலக நிகழ்வு, மூன்று நான்கு மறைவு போதும். ஆண்டுக்கு மொத்தம் நூற்றிருபதைத் தாண்டினால் திருப்புதல் நடக்காது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள், இடம், முன்கதை, பின்விளைவு என நான்கு கட்டம் போட்டு, பின்விளைவுக் கட்டத்தைப் பாதி காலியாகவே விட்டு வையுங்கள். அது நிரம்ப இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகும்.

மதிப்பெண் அதிகம் போவது அறிவிப்பையும் நடப்பையும் குழப்பிக்கொள்வதால்தான். பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகுவதாக அறிவித்தது ஜூலை 7, பதவியை விட்டது செப்டம்பர் 6. அன்று பதவியேற்ற லிஸ் டிரஸ் அக்டோபர் 20-இல் விலகலை அறிவித்தார். அக்டோபர் 25-இல் ரிஷி சுனக் பிரதமரானார். டிரஸ் பதவியில் இருந்தது சரியாக ஏழு வாரம், பிரிட்டன் வரலாற்றிலேயே மிகக் குறுகிய பதவிக்காலம். டிரஸ்ஸை நியமித்தவர் இரண்டாம் எலிசபெத், சுனக்கை நியமித்தவர் மூன்றாம் சார்லஸ். பின்லாந்தும் ஸ்வீடனும் நேட்டோவில் சேர விண்ணப்பித்தது 2022 மே 18. ஆனால் பின்லாந்து உறுப்பினரானது 2023 ஏப்ரல் 4, ஸ்வீடன் 2024 மார்ச் 7. பிரேசிலில் லூலா அதிபர் தேர்தலில் வென்றது 2022 அக்டோபர் 30, பதவியேற்றது 2023 ஜனவரி 1. ஜி-20 பாலி மாநாடு நவம்பர் 15, 16-இல் நடந்தது, இந்தியாவின் தலைமைப் பொறுப்பு டிசம்பர் 1-இல் தொடங்கியது. இத்தகையவற்றுக்கு இரண்டு தேதிகளையும் எழுதி நடுவே ஓர் அம்புக்குறி போடுங்கள். ஒற்றைத் தேதியாக எழுதினால், கேள்வி எந்தத் தேதியைக் கேட்கிறது என்றே பிடிபடாது.

தொடர் நிகழ்வுகளில் இலங்கையைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். காலவரிசைக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சங்கிலி அந்த ஆண்டில் இல்லை. 2019-இன் வரிக்குறைப்பு, சுற்றுலா வருமானச் சரிவு, 2021-இல் ரசாயன உர இறக்குமதிக்குப் போட்ட தடை, கரைந்துபோன அந்நியச் செலாவணி ஆகியவை முன்கதை. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு. மே 9-இல் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகல், மே 12-இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமர். மே 18-இல் அரிசி, பால்மாவு, மருந்துகளுடன் தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பாடு. ஜூலை 9-இல் மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தனர். 13-ஆம் தேதி அதிகாலை அதிபர் கோத்தபய ராஜபக்ச மாலத்தீவு சென்றார், மறுநாள் சிங்கப்பூர். அங்கிருந்துதான் விலகல் கடிதம் வந்தது. ஜூலை 20-இல் நாடாளுமன்றம் ரணிலை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. ரணிலுக்கு 134 வாக்கு, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. அந்த மூன்று வாக்குக்காரர் 2024 செப்டம்பரில் மக்கள் வாக்கில் அதிபரானார். பின்விளைவுக் கட்டத்தைக் காலியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மே 9, ஜூலை 9 இரண்டையும் பலர் மாற்றி எழுதுகிறார்கள். பிரதமர் முதலில், அதிபர் பிறகு என்று நினைவில் வைத்தால் குழம்பாது.

மறைவுகளுக்கு வருவோம். இறந்த தேதியை மட்டும் மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஒருவர் மறைந்த ஆண்டில் அவருடைய வாழ்க்கைதான் கேள்வியாகிறது. ஆகஸ்ட் 30-இல் மறைந்த சோவியத் தலைவர் கோர்பசேவுக்கு எழுத வேண்டியவை: 1985-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர், கிளாஸ்நாஸ்ட் (வெளிப்படைத்தன்மை), பெரஸ்த்ரோய்க்கா (மறுசீரமைப்பு), 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகனுடன் நடுத்தூர அணு ஏவுகணை ஒப்பந்தம், 1990-இல் அமைதி நோபல், 1991 டிசம்பர் 25-இல் பதவி விலகல். ஐந்தே வரி. இதில் பாதி உலக வரலாற்றுப் பாடத்துக்கும் பயன்படும்.

செப்டம்பர் 8-இல் ஸ்காட்லாந்தின் பால்மோரலில் மறைந்த எலிசபெத் அரியணை ஏறியது 1952 பிப்ரவரி 6, முடிசூடியது 1953 ஜூன் 2. இங்கும் இரட்டைத் தேதிதான். இந்தியாவுக்கு வந்தது 1961, 1983, 1997. உலகிலேயே நீண்ட காலம் ஆண்டவர் என்று எழுதிவிடாதீர்கள். பிரான்ஸின் பதினான்காம் லூயி 72 ஆண்டுகள் ஆண்டார், எலிசபெத்தின் 70 ஆண்டுகள் இரண்டாமிடம். ஜூலை 8-இல் நாரா நகரில் சுடப்பட்டு இறந்த ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயிடம் இந்தியத் தொடர்பு கனமாக இருக்கிறது: குவாட் (இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா கூட்டமைப்பு), 2007-இல் நம் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை, 2021-இல் பத்ம விபூஷண்.

இந்திய அரசு துக்கம் அனுசரித்த மறைவுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். லதா மங்கேஷ்கருக்கு இரண்டு நாள். ஐக்கிய அரபு அமீரக அதிபர் ஷேக் கலீஃபா, அபே, எலிசபெத் ஆகியோருக்குத் தலா ஒரு நாள்.

'பொருத்துக' வகையில் கவிழ்ப்பது ஒரே துறையில் அடுத்தடுத்து நேர்ந்த மறைவுகள். மே 10-இல் சிவகுமார் சர்மா, ஜூன் 2-இல் பஜன் சோபோரி. இருவருமே சந்தூர் என்னும் தந்திக் கருவிக் கலைஞர்கள், இருவருமே ஜம்மு காஷ்மீர் மண். மார்ச் 4-இல் ஷேன் வார்னே தாய்லாந்தில் மறைந்த அதே நாளில் ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷும் மறைந்தார். மே 14-இல் சாலை விபத்தில் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ். இப்படிப்பட்டவர்களை மாதப் பக்கத்தில் எழுதியதோடு விடாமல், நோட்டின் கடைசியில் துறைவாரியாக மறுபடி அடுக்க வேண்டும். விருதுகளுக்கும் இது பொருந்தும். 2022-இன் சர்வதேச புக்கர் கீதாஞ்சலி ஸ்ரீக்கு, புக்கர் இலங்கையின் ஷெஹான் கருணாதிலகவுக்கு.

இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருந்தால் பதறாதீர்கள். சிறுகோள் டைமார்ஃபோஸ் மீது நாசாவின் டார்ட் விண்கலம் மோதியது அமெரிக்காவில் செப்டம்பர் 26 மாலை, நமக்கு 27 அதிகாலை. கதக் கலைஞர் பிர்ஜு மகாராஜ் மறைந்தது ஜனவரி 16-க்கும் 17-க்கும் இடைப்பட்ட இரவு. ஐ.நா. பருவநிலை மாநாடு எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நவம்பர் 18-இல் முடிவதாக இருந்து, இழப்பு-சேத நிதி பற்றிய பேச்சு இழுத்ததால் 20-இல் முடிந்தது. மாதம் சரியாகத் தெரிந்தால் பெரும்பாலான காலவரிசைக் கேள்விகளைச் சமாளித்துவிடலாம்.

அறிவியலுக்கும் நோபலுக்கும் ஒரு பக்கம் போதும். வேதியியலில் ஷார்ப்லெஸ் 2001-க்குப் பிறகு இரண்டாம் முறை வென்றார், மருத்துவத்தில் வென்ற ஸ்வாந்தே பாபோவின் தந்தையும் நோபல் பெற்றவர். இந்த மாதிரி ஒட்டுத் தகவல்தான் கேள்வியாக வரும், மற்றதெல்லாம் பெயர்ப் பட்டியல்.

திருப்புதலில் நோட்டை வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்ததுபோலத்தான் தோன்றும். வலப்பக்கத்தைக் கையால் மறைத்து, மாதத்தைச் சொல்லி, மறைந்தவர்களை எழுதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 'கூற்று - காரணம்' கேள்வியை நீங்களே உருவாக்குங்கள். தவறான கூற்று ஒன்றை யோசித்து எழுதும்போதுதான் எந்த இடத்தில் ஏமாற்றுவார்கள் என்பது புரியும். முதல் திருப்புதல் எழுதிய வாரத்துக்குள், அடுத்தது மாதக் கடைசியில், மூன்றாவது தேர்வுக்குப் பத்து நாள் முன்னால்.

தேர்வறையில் ஒரு வேறுபாடு. டிஎன்பிஎஸ்சி கொள்குறித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாது. ஆகவே இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதியில் ஒன்றைத் துணிந்து நிரப்பலாம். எதுவும் பிடிபடாவிட்டால் ஐந்தாவதான 'விடை தெரியவில்லை' வட்டத்தை நிரப்புங்கள், வெறுமனே விடக்கூடாது. யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அங்கே தேதியை மட்டும் நம்பி விடை எழுதாதீர்கள், முன்கதையும் சேர்ந்து நினைவுக்கு வந்தால் மட்டும் தொடுங்கள்.