கழுவாமல் வைத்த இரண்டு நாள்

“காத்திருக்கிறதும் அதுக்கு விஷம்தானே?”

எங்கள் பறவை மீட்பு மையத்துக்குத் தன்னார்வலராக வந்த அந்தப் பெண் கேட்டபோது என்னிடம் இருந்த பதில் ஒரு விதி மட்டுமே. கப்பல் எண்ணெயில் நனைந்து வரும் ஆப்பிரிக்கப் பென்குயினை உடனே கழுவக் கூடாது. ஓரிரு நாளாவது உடம்பு தேற வேண்டும். அந்தப் பறவை 2.1 கிலோதான் இருந்தது. கழுவவில்லை. இரண்டாம் இரவு இறந்துவிட்டது.

விதி காரணமில்லாமல் வந்ததல்ல. ஒருவர் பறவையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் 40 டிகிரிச் சூட்டு நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, தொட்டி மாற்றித் தொட்டி மாற்றித் தேய்க்க வேண்டும். கண்ணோரத்துக்குப் பல் துலக்கும் பிரஷ். எண்ணெய் தார் போல இறுகியிருந்தால் முன்னதாகச் சமையல் எண்ணெய் தடவி இளக்க வேண்டும். பிறகு அலசல், பெரிய வேலையே அதுதான். திரவம் சிறிது தங்கினாலும் இறகுக்குள் நீர் புகும், குளத்தில் விட்டதும் பறவை நடுங்கும். மனிதர் நெருங்கினாலே மிரளும் பறவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தப் பாடு. சூடு இழந்து, நீர்ச்சத்து வற்றி வந்த பறவை தொட்டியிலேயே இறந்துவிடும்.

ஆகவே முதலில் சூட்டு விளக்கு. குழாய் வழியே உப்புக் கரைசல், எண்ணெயை உறிஞ்ச மருந்துக் கரி, அப்புறம் மீன் கூழ். இரத்தச் சிவப்பணு அளவு போதுமானதாக இருந்து, கையைக் கொத்த வரும் தெம்பும் வந்தால்தான் தொட்டி.

ஆனால் பென்குயின் அதுவரை சும்மா இருக்காது. இறகைக் கோதிக்கொண்டே இருக்கும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குப் போய்க் குடலைப் புண்ணாக்கும், சிவப்பணுவைச் சிதைக்கும். இரத்தம் தேறட்டும் என்று நாங்கள் காத்திருக்க, இறகிலிருக்கும் எண்ணெய் அதே இரத்தத்தைக் கெடுக்கிறது. அவர் கேட்டது இதைத்தான்.

2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்ததை நினைத்து ஆறுதல் தேடியதுண்டு. எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்களில் பல, கழுவத் தங்கள் முறை வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தன. அப்படியும் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலுக்குத் திரும்பின. எண்ணெய் படாத 19,500 பறவைகளை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவை நீந்தித் திரும்புவதற்குள் அவை வாழும் தீவுகளைச் சுத்தம் செய்ய நாள் கிடைத்தது. எத்தனை அருமையான யோசனை! அந்த இனத்துக்கு வீட்டு வழி தெரியும் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு.

ஆனால் 90 விழுக்காடு என்பது கூட்டத்தின் கணக்கு. என் முன்னால் இருந்தது ஒரு பறவை. இன்று மத்தியும் நெத்திலியும் குறைந்து, எண்ணெய் படும் முன்பே பல பறவைகள் மெலிந்திருக்கின்றன. சேமித்த கொழுப்பு இல்லாத உடம்புக்கு இரண்டு நாள் என்பது வேறு இரண்டு நாள் அல்லவா? 2024-இல் இந்த இனம் மிக அருகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இனப்பெருக்கம் செய்யும் இணைகள் 10,000-க்கும் குறைவு. 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவால் ஆறு வாழிடங்களைச் சுற்றி அந்த மீன்களைப் பிடிக்கும் படகுகளுக்கு எல்லை வகுத்தார்கள். கழுவும் தொட்டியைவிட அந்த எல்லைதான் அதிகம் காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

அன்றே கழுவியிருந்தாலும் இறந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அது அவ்வளவு உறுதியாக இருக்காது. விதியை மாற்றவில்லை. பறவையின் அட்டையில் ‘எண்ணெய் பட்ட நேரம்’ என்று ஒரு கட்டம் மட்டும் சேர்த்தோம், காத்திருப்பை அங்கிருந்து எண்ணுவதற்காக. பெரும்பாலும் அதில் எழுத எங்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.