உதட்டோரம் கசியும் மருந்து

சென்ற வாரம் ஒரு பெரியம்மா என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து, நான் கேட்டுக்கொண்டபடி, ஆஸ்துமாவுக்கான தம் நீல பம்பை, அதாவது இன்ஹேலரை, எடுத்து வாயில் வைத்து அழுத்திக் காட்டினார். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை அது. விரல்கள் சற்று வளைந்து, கட்டைவிரல் மூட்டு தடித்திருந்தது. அவர் அழுத்திய அந்த நொடியில் வெள்ளைப் புகைபோல ஒன்று உதட்டோரத்தில் கசிந்து, மூக்கருகே சிறிது மிதந்து, மறைந்தது. "மருந்து நல்லா வருது மிஸ்ஸி, புகை தெரியுதுல்ல" என்றார். கண்ணுக்குத் தெரிந்த அந்தப் புகைதான் அவருடைய நுரையீரலுக்குப் போய்ச் சேராத மருந்து. பதினோர் ஆண்டுகளாகப் பம்பு வைத்திருக்கிறார். அதை எப்படி அடிக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்டுப் பார்த்ததில்லையாம்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலை வடக்கே தெரியும் பீடோங் வட்டாரத்தில், மருந்தாளுநராக வேலை செய்கிறேன். தாதியரை மிஸ்ஸி என்று அழைத்துப் பழகிய தோட்டத்து மக்களுக்கு நானும் மிஸ்ஸிதான். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குக் குடிவந்த பிறகும், இளைப்பு மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. மழைக்காலத்திலும், 2015-இல் பள்ளிக்கூடங்களையே மூட வைத்த புகைமூட்டம் போன்ற நாள்களிலும், எங்களிடம் வருகிறவர்களில் பலர் வாசலில் நின்று இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசத் தொடங்குவார்கள்.

இந்தப் பம்பு பிறந்த கதையைப் படித்த நாளிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. 1955-இல், அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. கண்ணாடிக் குமிழும் ரப்பர் பந்துமாக இருந்த அக்காலக் கருவியைப் பிழிந்து பிழிந்து அலுத்துப்போன அந்தச் சிறுமி, தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான் போல என் மருந்தையும் ஏன் டின்னில் அடைத்துத் தரக்கூடாது என்று தந்தையிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே, ஒரு முறை அழுத்தினால் ஓர் அளவு மருந்து மட்டும் வெளிவரும் பம்பு விற்பனைக்கு வந்தது. நோயாளி ஒருவர் தம் சிரமத்தை வாய்விட்டுச் சொன்னதிலிருந்து பிறந்த கருவி அது. அதன் பிறகு நோயாளியின் கையைப் பார்க்க ஏனோ நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

அந்த மறதிக்கு அளவுகோல் ஒன்று உண்டு. 1975 முதல் 2014 வரை வெளிவந்த ஆய்வுகளில், 54,000-க்கும் மேற்பட்டவர்கள் பம்பு பயன்படுத்திய முறையைத் தொகுத்து, 2016-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர் தலைமையிலான குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே. அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர நிகழாமை, சரியான வேகத்திலோ ஆழத்திலோ இழுக்காமை, இழுத்த மூச்சைச் சிறிது நேரம் அடக்கிவைக்காமை ஆகிய தவறுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காணப்பட்டன. அந்த 40 ஆண்டுகளின் முற்பாதியையும் பிற்பாதியையும் ஒப்பிட்டபோது முன்னேற்றமே இல்லை என்று அவர்கள் கண்டதுதான் என்னை உலுக்கியது. அந்தக் காலத்திற்குள் புதுப்புது மருந்துகள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றை உள்ளே அனுப்ப வேண்டிய அந்த ஒரு மூச்சு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

என் அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் வேலை பார்த்தவர். இளைப்பு வந்த இரவுகளில் அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் 'கேஸ்' வைத்துக்கொண்டு வருவோம்; மருந்தைப் பனியாக்கித் தரும் நெபுலைசர் இயந்திரத்தைத்தான் அப்படிச் சொல்வோம். இயந்திரம் இரைய, முகமூடிக்குள் பனி நிரம்ப, அரை மணி நேரத்தில் மூச்சு இளகிவிடும். கையில் ஒரு நீல பம்பைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1996-இன் மழைக்காலத்தில், அப்படிப் போன ஓர் இரவில் அவர் திரும்பி வரவில்லை. காரியங்கள் முடிந்து அம்மா அலமாரியை ஒழித்தபோது, துணிகளுக்கு அடியில் பதினான்கு காலி நீல பம்புகள் இருந்தன. அவற்றோடு ஒரு பழுப்பு நிற பம்பும் இருந்தது. அதன் பெட்டியைக்கூட அவர் பிரிக்கவில்லை.

அந்தப் பழுப்பு பம்பின் பொருள் எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் விளங்கியது. நீல பம்பிலுள்ள சல்பூட்டமால், இறுகிய மூச்சுக்குழலின் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. ஆனால் அந்த இறுக்கத்துக்குக் காரணமாகக் குழலின் உட்சுவரில் இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அழற்சியை ஆற்றுவது, 1972 முதல் பம்பு வடிவில் கிடைத்துவரும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. அதை அடித்தவுடன் எந்தச் சுகமும் தெரியாது. நாள்தோறும் அடித்து வந்தால் சில வாரங்களில் இளைப்பு வருவதே குறையும். "இது இப்போதைக்கு அல்ல, அடுத்த மாதத்துக்கு" என்று யாராவது அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். சொன்னதைக் கேட்கிற மனிதர்தான் அவர். அன்று அந்தப் பெட்டியைக் கொடுத்தவருக்கு வரிசை நீளமாக இருந்திருக்கலாம். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அப்பா ஒருவரின் கதை இல்லை இது என்பதைப் பின்னர் படித்தவை உறுதிப்படுத்தின. கனடாவின் சஸ்காட்சுவான் மாநில மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2000-இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டில் கூடுதலாக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. பிரிட்டனில் 2012-13-இல் நேர்ந்த 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த குழு 2014-இல் அறிக்கை வெளியிட்டது. எத்தனை நீல பம்பு கொடுக்கப்பட்டது என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேல் கொடுக்கப்பட்டிருந்தன. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

2018-இல் வெளியான சிக்மா ஆய்வில் லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் கலந்துகொண்டார்கள். தேவைப்படும்போது மட்டும் அடிக்கும் பம்பிலேயே மூச்சைத் தளர்த்தும் மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, தளர்த்தும் மருந்தை மட்டும் அடித்தவர்களைவிடக் கடும் இளைப்பு 64 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டே, உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா, வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் நீல பம்பு மட்டும் கொடுத்து அனுப்புவதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று அறிவித்தது. (விறகடுப்பாலும் சிகரெட்டாலும் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் சிகிச்சை வேறு, அதைத் தனியே எழுத வேண்டும்.)

ஸ்டீராய்டு என்றதும் எங்கள் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முகம் வீங்கும், எலும்பு தேயும் என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். மாதக்கணக்காக மாத்திரையாக விழுங்கினால் அது உண்மையே. ஆனால் மாத்திரையை மில்லிகிராமிலும் பம்பு மருந்தை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராமிலும் அளக்கிறோம் என்பதையும், அடித்த பின் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் தொண்டைப் பூஞ்சையும் பெரும்பாலும் வராது என்பதையும் பொறுமையாகச் சொன்னால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கேஸ் இயந்திரத்தின் மேலுள்ள நம்பிக்கையைக் கலைப்பதுதான் இன்னும் கடினம். 2020-இல், கொரோனா நீர்த்திவலைகள் பரவும் என்ற அச்சத்தால் பல இடங்களில் இயந்திரத்தை நிறுத்தி, பம்பையும் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவையையும் கொடுத்தபோது, ஏமாற்றப்பட்டதாகவே பலர் எண்ணினார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர மற்ற இளைப்புக்கு ஸ்பேசரும் இயந்திரமும் சமமாகவே பயன் தருகின்றன என்பதும், குழந்தைகள் அவசரப் பிரிவிலிருந்து சீக்கிரமே வீடு திரும்புகிறார்கள் என்பதும் அதற்கு வெகு முன்பே ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டவை.

ஸ்பேசர் செய்வது எளிய வேலைதான்: அடித்த மருந்தைச் சில நொடிகள் தன்னுள் தாங்கிக்கொண்டு, அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்யவேண்டிய கட்டாயத்தை அது நீக்குகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் சார் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஸ்பேசர் வாங்க வசதியில்லாத வீடுகளை நினைத்து, சாதாரண 500 மில்லிலிட்டர் குளிர்பானப் பாட்டிலின் அடியில் சூடேற்றிய கம்பியால் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, பம்பைச் செருகி, சுற்றிலும் பசையிட்டு அடைத்தார்கள். பாட்டிலின் கழுத்தே வாய்ப்பகுதி ஆயிற்று. இளைப்போடு வந்த 5 முதல் 13 வயது வரையிலான 88 குழந்தைகளிடம் சோதித்தபோது, பசையிட்ட பாட்டில் கடையில் வாங்கிய ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. காகிதக்கோப்பை போன்ற நுரைக்கோப்பை மிகக் குறைந்த பயனே தந்தது. 1999-இல் வெளியான அந்தக் கட்டுரையை நான் படித்த எல்லா மருத்துவ ஆய்வுகளிலும் உயர்வானதாக மதிக்கிறேன். யாருக்காகச் செய்கிறோம் என்பதை அதன் ஒவ்வொரு வரியிலும் அவர்கள் மறக்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு ஸ்பேசர் எடுத்துக் கொடுத்தேன். பம்பைக் குலுக்கி, முதலில் மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே ஒரு முறை அழுத்தி, சூடான தேநீரை உறிஞ்சுவது போல மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிவைக்கச் சொன்னேன். முதல் தடவை இரண்டு முறை அழுத்திவிட்டார். இரண்டாம் தடவை நான்கு எண்ணுவதற்குள் இருமல் வந்துவிட்டது. மூன்றாம் தடவை என் விரல்கள் மடங்குவதைப் பார்த்துக்கொண்டே பத்துவரை இருந்தார். வலுவில்லாத கட்டைவிரலுக்குப் பதில் இரண்டு கைகளாலும் அழுத்தலாம் என்று காட்டினேன். குடுவையைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானே காயவிட வேண்டும், துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும் என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஏழு நிமிடங்கள் ஆயின.

"புகையே வரலையே மிஸ்ஸி, மருந்து தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். இல்லை பெரியம்மா, இன்றைக்குத்தான் உள்ளே போயிருக்கிறது என்றேன். சிறிது நேரம் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் பேரனுக்கும் ஒரு பம்பு இருக்கிறது, அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அடிக்கிறான் என்றார். அடுத்த வியாழக்கிழமை, பள்ளி விட்டதும், அவனையும் அவனுடைய பம்பையும் சேர்த்து அழைத்துவரும்படி அவருடைய அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.