குளியலறை வாளியில் இருப்பது

மூன்று நாளாகக் குளிக்கப் போகும்போதெல்லாம் வாளிக்குள்ளிருந்து ஒன்று என்னையே பார்க்கிறது. எல்லாம் ரொறன்ரோ அத்தானால் வந்த வினை.

அங்கே அவர் ஆற்றில் பாஸ் மீன் பிடிக்கிற போட்டிகளுக்குப் போகிறவர். படகுக்கு இரண்டு பேர், ஐந்து மீனின் மொத்த எடைதான் கணக்கு, ஆறாவது மாட்டினால் இருப்பதில் சின்னதை விட்டுவிட வேண்டும், நிறுக்கும்போது மீன் செத்திருந்தால் எடையில் வெட்டு, கடைசியில் எல்லாவற்றையும் உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில், "அப்ப என்னத்துக்குத் தம்பி பிடிக்கிறது?" என்றார்.

அத்தான் அதோடு விட்டாரா? மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட வந்தவர்களைப் பிடித்துப் பேசி எங்கள் பிளாட்டிலேயே நான்கு அணி சேர்த்துவிட்டார். ஞாயிறு விடியவே கொழும்பு மட்டக்குளியில் வள்ளம் ஏறினோம். மீனை உயிரோடு வைத்திருக்க வாளி, அதற்கு மீன் தொட்டியின் காற்று மோட்டார், நிறுக்க சூட்கேஸ் நிறுக்கும் தராசு. சிவனொளிபாதமலைப் பக்கமிருந்து 145 கிலோமீட்டர் ஓடி வருகிற களனி ஆறு, வழியில் கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுதான் கடலுக்கு வருகிறது. முதல் ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் பிடித்தவை: ஷொப்பிங் பை இரண்டு, ஒற்றைச் செருப்பு ஒன்று. (செருப்பு நல்ல நிலைமையில் இருந்தது.)

அப்புறம் அத்தானின் ரப்பர் புழுவைக் கொடுவாக் குஞ்சு ஒன்று கவ்வியது. "ஏசியன் சீ பாஸ்! இதுவும் பாஸ்தான்!" என்று அவர் குதித்த குதியில் வள்ளம் ஆடி எனக்குப் பாதி உயிர் போனது. கொடுவா ஆணாக இருந்து வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறுமாம், அதையும் அங்கேயே விளக்கினார். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "புத்தி வரக் கொஞ்சக் காலம் எடுக்கும்தானே" என்றாள். தராசோ அரைக் கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காத தராசு, பூச்சியம் காட்டியது. சட்டப்படி கொடுவாவை விட்டோம். வீட்டில் புளி கரைத்து வைத்திருந்தார்கள்.

வென்றது இரண்டாம் மாடி மாமாவும் மகளும். பாண் உருண்டை போட்டு ஐந்து திலாப்பியா. அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "அது ஆப்பிரிக்க மீன், 1952இல கொண்டுவந்து விட்டது, இந்த ஆத்து மீனே இல்லை" என்று வாதாடினார். மாமா நிதானமாக, "வந்து எழுவது வருசமாச்சு தம்பி, இன்னும் எத்தினை வருசம் இருந்தா இந்த ஊர் மீன் எண்டு சொல்லுவீர்?" என்றார்.

அத்தான் கனடா போய் முப்பத்திரண்டு வருடம். வீடு வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

வாளியில் இருப்பது கடைசியாக மாட்டிய டேங்க் கிளீனர், மீன் தொட்டியில் பாசி தின்ன விடுகிற மீன். அதுவும் வெளியூர்தான், ஆற்றில் திரும்ப விட்டால் கேடு. தண்ணீர் இல்லாமலும் மணிக்கணக்கில் கிடந்து உயிரை விடமாட்டேன் என்கிற சாதி. கொல்லவும் ஒருத்தருக்கும் மனமில்லை. நேற்று இரவு பார்த்தால் அத்தான் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதற்கு வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இன்று இரவு அவருக்கு பிளைட். "வெள்ளவத்தைக் கால்வாயில மட்டும் விட்டிடாதையும்" என்று இதுவரை நாலு தரம் சொல்லிவிட்டார். நான் எங்கே குளிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.