கொலோசியத்தை விடுங்கள், ஒஸ்தியாவுக்குப் போங்கள்

ரோமில் கொலோசியம் பார்க்க 18 யூரோ. நம் காசுக்கு 1,800 ரூபாய் பக்கம் வரும். அதுவும் அதிகாரப்பூர்வ விலையில் கிடைத்தால்தான். நல்ல நேரத்து டிக்கெட்டெல்லாம் முன்கூட்டியே காலியாகிவிடும். பிறகு மறுவிற்பனைத் தளங்கள் "வழிகாட்டியுடன்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும். பகல்கொள்ளை! ரோமானியர்கள் எங்கே சாப்பிட்டார்கள், எப்படிக் குளித்தார்கள், எந்தச் சாமிக்கு என்ன படைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அதே 18 யூரோவை ஒஸ்தியா அந்திகாவில் கொடுங்கள். இடிபாடுகளாக நிற்கும் ஒரு முழு ரோமானியத் துறைமுக நகரமே கிடைக்கும்.

மெட்ரோவில் பிராமிதே நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே போர்த்தா சான் பாவ்லோ நிலையம். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம். 1.50 யூரோ நகர டிக்கெட்டே போதும். இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, பத்து நிமிட நடை. டாக்சிக்குத் தண்டம் அழ வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கையில் சாப்பாடும் காலில் கெட்டியான ஷூவும் அவசியம். தெருவெல்லாம் எரிமலைக் கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் கொதிக்கும்.

உள்ளே நுழைந்ததும் ஊர்வாசலுக்கு வெளியே கல்லறைகள். இறந்தவர்களை ஊருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியச் சட்டம். சுவரில் புறாக்கூடு மாதிரி இருக்கும் மாடங்களில் சாம்பல் கலசங்களை வைத்தார்கள். பிப்ரவரி 13 முதல் 21 வரை பரெந்தாலியா, அவர்களுடைய நீத்தார் திருநாள். குடும்பத்தோடு இங்கே வந்து மாலை, உப்பு தூவிய தானியம், மதுவில் ஊறிய ரொட்டி, வயலெட் பூ என்று படைத்தார்கள். அந்த நாட்களில் கோயில்களை அடைத்துவிடுவார்கள்; கல்யாணமும் கிடையாது.

பிறகு கடல் தெய்வமான நெப்டியூன் பெயரிலுள்ள குளியல்கூடம். மேடையேறி மேலிருந்து பாருங்கள், கடற்குதிரைகள் பூட்டிய நெப்டியூனின் கறுப்பு வெள்ளை மொசைக் முழுதாகத் தெரியும். படம் எடுத்துவிட்டு எல்லோரும் நாடக அரங்குக்கு ஓடுகிறார்கள். நீங்கள் பின்பக்கம் போங்கள். அங்கே விஜிலஸ் என்கிற தீயணைப்புப் படையின் முகாம் இருக்கிறது. முற்றத்தின் கோடியில் பேரரசர் வழிபாட்டு மண்டபம். அதன் முன்தரையில் காளைப் பலியைக் காட்டும் மொசைக். இந்த ஊரில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். பலிச் சடங்கின் படிகள் தெரிந்தால் இந்தத் தரை உங்களோடு பேசும்.

முதலில் கை கழுவுதல். பூசை நடத்துபவர் தோகா என்ற மேலாடையின் நுனியை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார். குழல்காரர் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது. நெருப்பில் சாம்பிராணியும் மதுவும் விடுவார்கள். அடுத்து 'மோலா சல்சா'. வறுத்து இடித்த எம்மர் கோதுமை மாவும் உப்பும் கலந்தது, ரோமில் அடுப்புத் தெய்வம் வெஸ்தாவின் கோயில் கன்னியர் தயாரித்தது. அதை விலங்கின் தலையில் தூவி, நெற்றியிலிருந்து வால் வரை கத்தியை வெறுமனே ஓட்டுவார்கள். அதோடு அது தெய்வத்தின் சொத்து. ஒருவர் சம்மட்டியாலோ கோடரியாலோ அடித்து மயக்க, இன்னொருவர் கழுத்தை அறுப்பார். ஈரல், நுரையீரல், இதயம், பித்தப்பை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். ஈரலில் குறை தெரிந்தால் சாமி ஏற்கவில்லை என்று பொருள். இன்னொரு விலங்கை வெட்ட வேண்டும். மந்திரத்தில் ஒரு சொல் பிசகினாலோ, குழல் சட்டென்று நின்றுபோனாலோ முழுச் சடங்கையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால்தான் ஒருவர் வாசிக்க, பூசை நடத்துபவர் கேட்டுக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். உள்ளுறுப்புகளை வேகவைத்துத் தெய்வத்துக்கு எரித்துவிட்டு, மிச்ச இறைச்சியை மனிதர்கள் சாப்பிட்டார்கள்.

அரங்குக்குப் பின்னால் இருப்பது வணிகச் சங்கங்களின் சதுக்கம். சுற்றிலும் சிறு சிறு அறைகள், வாசல் தரையில் மொசைக் பெயர்ப்பலகை. யானை இருந்தால் லிபியாவின் சப்ராத்தா ஊர் வணிகர்கள். கப்பல், கலங்கரை விளக்கம், தானிய மரக்கால் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரு மொசைக்கில் பெரிய கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்கு ஆம்போரா ஜாடியைத் தோளில் சுமந்து மாற்றுகிறார்கள். ரோமுக்குச் சோறு போட்டது இந்த வேலைதான். முசிறியில் கப்பலேறிய மிளகும் அலெக்சாந்திரியா வந்து, இத்தாலியத் துறைமுகங்கள் வழியாகத்தான் ரோமை எட்டியது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் முசிறிச் சரக்கைக் கணக்கிடும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் இப்போது வியன்னாவில் இருக்கிறது. அந்தச் சரக்குக்கு வரி மட்டுமே நாலில் ஒரு பங்கு!

அடுத்து சில்வானுஸ் மாவு ஆலை. கீழே கூம்பு வடிவக் கல், மேலே உடுக்கை போல இடை சிறுத்த கல், இரண்டும் கருங்கல் போன்ற எரிமலைக் கல். மேல் வாயில் தானியத்தைக் கொட்டி, மரச்சட்டம் பூட்டிக் கழுதையைச் சுற்றவிட்டார்கள். கற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக நிற்க வேண்டும். உரசினால் கல்தூள் மாவில் கலந்துவிடும். ரோமானிய எலும்புக்கூடுகளில் பற்கள் தேய்ந்திருப்பதற்கு அந்த மாவும் ஒரு காரணம். மாவு பிசையும் கல்தொட்டிகளின் பக்கவாட்டில் துளைகளைப் பாருங்கள். அதில் செருகிய மரத்தண்டுகள்தான் மாவு மொத்தமாகச் சுழன்றுவிடாமல் தடுத்தன.

பக்கத்திலேயே லாரஸ் தெய்வங்களின் வட்டமான பளிங்குப் பலிபீடம் ஒரு சிறு சதுக்கத்தில் நிற்கிறது. முச்சந்தி, நாற்சந்திகளைக் காக்கும் சாமிகள் இவை. இவற்றுக்கான கொம்பிதாலியா திருவிழா டிசம்பர் 17க்கும் ஜனவரி 5க்கும் இடையில் வரும். தேதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பார்கள். முந்தைய இரவு, வீட்டிலுள்ள ஒவ்வொரு சுதந்திர மனிதருக்கும் ஒரு கம்பளி பொம்மை, ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு கம்பளி உருண்டை கட்டித் தொங்கவிட்டார்கள். அடிமைக்கு ஆள் உருவம்கூடக் கிடையாது. படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

எதிர்த் தெருவில் சாப்பாட்டுக்கடை: பளிங்கு மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, படிப்படியான தட்டு, சுவரில் காய்கனி ஓவியம், பின்னால் நீரூற்றோடு முற்றம். அடுக்குமாடி வாடகை அறைகளில் பலருக்குச் சமையலறையே இல்லை. அடுப்பு மூட்டினால் தீப்பிடிக்கும் பயம் வேறு. அதனால் இந்தக் கடைகள்தான் ஊரின் சமையற்கட்டு.

பொதுக் கழிப்பறையில் பளிங்கு இருக்கைகள் வரிசையாக, தடுப்பே இல்லாமல் இருக்கும். இருக்கைக்கு அடியில் ஓடும் நீர், அழுக்கை அடித்துச் சென்றது. பக்கத்தில், ஊரின் மையச் சதுக்கமான மன்றத்தை ஒட்டிய குளியல்கூடத்தில் வெந்நீர் அறைகளின் பெரிய சன்னல்கள் தென்மேற்கைப் பார்க்கின்றன. குளிக்கும் நேரம் மத்தியானத்துக்குப் பிறகு என்பதால் அந்த வெயிலை அப்படியே உள்ளே வாங்கினார்கள். தரைக்கு அடியிலும் சுவரின் பொள்ளல் ஓடுகளிலும் சூடான புகை ஓடியது.

நேரம் இருந்தால் மட்டும் மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில்கள். ஒஸ்தியாவில் பதினைந்துக்கும் மேல் கண்டெடுத்திருக்கிறார்கள், பல பூட்டியே கிடக்கும். ஃபெலிச்சிசிமுஸ் கோயிலின் தரையில் காக்கை முதல் தந்தை வரை ஏழு தீட்சை நிலைகளும் சின்னங்களாக உள்ளன. பெண்களுக்கு இந்த வழிபாட்டில் இடமில்லை. அந்தக் கோயில் தெற்கே ஒதுக்குப்புறத்தில் இருப்பதால், காலையில் கதவு திறந்ததும் வந்தவர்களுக்குத்தான் சாவகாசமாகப் போய்வர முடியும். பதினொரு மணிக்கு வருபவர்கள் அதை விட்டுவிட்டு, மேலே சொன்னவற்றை நிதானமாகப் பாருங்கள்.