யசுகுனியில் நிற்கும் இன்ஜின்

டோக்கியோவில் கடைசி நாள். கூட வந்தவர்கள் டிஸ்னிலாண்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், நான் மட்டும் குதான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் ஏறினேன். போனது ஒரு ரயில் இன்ஜினைப் பார்க்க. கோயிலில் ரயில் இன்ஜினா என்று கேட்காதீர்கள், யசுகுனி கோயில் வளாகத்தில் யூஷூகான் என்று ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் முன்கூடத்தில் நிற்கிறது. சி56 வகை, எண் 31.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கதை உண்டு. இன்ஜினுக்கு இல்லை, அது ஓடிய தண்டவாளத்துக்கு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட பாதைக்கு. அப்பாவின் பெரியப்பா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ‘ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிட்டுப் போனான், திரும்பல’ என்று பாட்டி சொன்னதை அப்பா கேட்டு, அப்பா சொல்லி நான் கேட்டது, அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. போட்டோ இல்லை. செத்த தேதி தெரியாது, அதனால் திதியும் கிடையாது. ஆடி அமாவாசைக்கு எல்லோருக்கும் சேர்த்து வைக்கிற படையலில் அவருக்கும் பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோயில் வாசலில் ராட்சத இரும்புத் தோரண வாயில், இரண்டு பக்கமும் கிங்கோ மரங்கள். கோயில் 1869-ல் கட்டியது. உள்ளே எலும்பும் இல்லை சாம்பலும் இல்லை, பெயர்கள்தான். ஜப்பானுக்காகப் போரில் செத்தவர்கள் என்று 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை எழுதி, அவர்களைத் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நடுகல் மாதிரிதானே என்று முதலில் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலில் 1978 அக்டோபரில், வெளியே யாருக்கும் சொல்லாமல், போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட முதல்தரப் போர்க்குற்றவாளிகள் என்று தீர்ப்பான அல்லது விசாரணையில் இருந்தபோதே இறந்த 14 பேரையும் சேர்த்துவிட்டார்கள். மறுவருஷம் செய்தித்தாளில் வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. பேரரசர் ஹிரோஹிதோ 1975-க்குப் பிறகு இங்கே வரவே இல்லை, அந்த 14 பேரைச் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவருடைய அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்து 2006-ல் வெளியே வந்தது. பிறகு வந்த பேரரசர்களும் வரவில்லை. பிரதமர்கள்தான் வருவதும் வராததுமாக அரசியல் செய்கிறார்கள். கொய்சுமி பதவியில் இருந்தபோது வருஷம் தவறாமல் வந்தார், அபே 2013 டிசம்பரில் வந்தார், ஒவ்வொரு தடவையும் பெய்ஜிங்கும் சியோலும் கொதித்தன.

இன்னொரு சிக்கல். அந்தப் பட்டியலில் சுமார் 21,000 கொரியர்களும் 28,000 தைவான்காரர்களும் உண்டு, ஏனென்றால் அன்றைக்கு இரண்டும் ஜப்பானின் காலனி. எங்கள் ஆள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சில குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின. ஒருமுறை சேர்ந்த ஆன்மாவைப் பிரிக்க முடியாது என்று கோயில் மறுத்துவிட்டது. ஆனால் தைவானின் முன்னாள் அதிபர் லீ டெங்-ஹுய் 2007-ல் இங்கே வந்து கும்பிட்டார். அவருடைய அண்ணன் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் இறந்தவர், அண்ணன் பெயர் இங்கேதான் இருக்கிறது. பெயரைத் திரும்பக் கேட்கிற குடும்பமும் பெயரைத் தேடி வருகிற தம்பியும் ஒரே வாசலில்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் நம்மாள் ஒருவருக்கு நினைவுக்கல். ராதாபினோத் பால், கல்கத்தா நீதிபதி, டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தண்டிக்க முடியாது என்று தனித்தீர்ப்பு எழுதியவர். 2005-ல் வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவன் தோற்றவனுக்கு நடத்தும் விசாரணை நியாயமா என்பதுதான் பால் கேட்ட கேள்வி. ஜப்பானியப் படை கொடுமை செய்ததற்குச் சாட்சியம் மலைபோல் இருக்கிறது என்றும் அதே தீர்ப்பில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அந்தப் பகுதியை இங்கே வருகிறவர்கள் எத்தனை பேர் படித்திருப்பார்களோ. கொஞ்சம் தள்ளிப் போரில் இறந்த குதிரை, நாய், புறாவுக்கெல்லாம் சிலை. குதிரையின் காலடியில் யாரோ தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள்.

மூன்று வருஷம் முன்னால் வேலை விஷயமாக ஷாங்காய் போனபோது ஒரு சனிக்கிழமை நான்ஜிங் போய்வந்தேன். 1937 டிசம்பர் 13-ல் ஜப்பானியப் படை அந்த ஊரைப் பிடித்தது, அதன் பிறகு ஆறு வாரம் நடந்த கொலைகளுக்கான நினைவகம் அங்கே இருக்கிறது. சுவரெங்கும் 3,00,000 என்ற எண். டோக்கியோ விசாரணை சொன்னது இரண்டு லட்சத்துக்கு மேல், எண்ணைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. உள்ளே ஓர் இருட்டறையில் 12 விநாடிக்கு ஒருமுறை ஒரு சொட்டு நீர் விழுகிறது, ஆறு வாரத்தை மூன்று லட்சத்தால் வகுத்தால் வருவது அந்த 12. முதல் நாலைந்து சொட்டு வரை கணக்கு மனதில் ஓடியது, அப்புறம் அடுத்த சொட்டு எப்போது என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன், அது பிடிக்காமல் வெளியே வந்தேன். வெளியே நீளச் சுவரில் பெயர்கள், ஒரு பாட்டி ஒரு பெயரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நினைவகம் 1985-ல் தான் வந்தது. மாவோ காலத்தில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே இல்லை, ஏனென்றால் நான்ஜிங் அன்று கம்யூனிஸ்டுகளின் எதிரியான கோமிந்தாங் கட்சியின் தலைநகரம், கம்யூனிஸ்ட் கட்சிக்கு வேண்டியிருந்ததோ அழுகிற கதை இல்லை, ஜெயிக்கிற கதை. ஜப்பானியப் பாடப்புத்தகங்களில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை மழுப்புகிறார்கள் என்று 1982-ல் எழுந்த சண்டைக்குப் பிறகுதான் வேகம் வந்தது. 1989-ல் தியனன்மென் சதுக்கப் போராட்டத்தை ஒடுக்கிய பிறகு, தொண்ணூறுகளில் தேசபக்திக் கல்வி என்று பள்ளிக்கூடங்களில் இதை அழுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். 2014 முதல் டிசம்பர் 13 தேசிய நினைவு நாள். 1959 முதல் 1961 வரை பஞ்சத்தில் செத்த கோடிக்கணக்கான சீனர்களுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அன்று என்னுடன் வந்த ஷாங்காய் தோழியிடம் அதைக் கேட்டேன். ‘பசி பற்றி எங்கள் பாட்டி பேசுவார், அதை வீட்டோடு வைத்துக்கொள்வோம்’ என்றாள், அதோடு சாப்பாட்டுப் பக்கம் பேச்சை மாற்றிவிட்டாள்.

சரி, யூஷூகான். உள்ளே நான்ஜிங்குக்குக் கிடைத்திருப்பது ஒரு சின்னப் பலகை. படுகொலை என்ற சொல் இல்லை, ‘சம்பவம்’. இதை வைத்து ஜப்பானியர் எல்லோரும் இப்படித்தான் என்று எழுதினால் அது பொய். பாடப்புத்தகத் தணிக்கைக்காகத் தன் அரசாங்கத்தின் மீதே 1965 முதல் 1997 வரை வழக்கு நடத்திய வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோவும் ஜப்பானியர்தான். அங்கே என்னை நிறுத்தியது வேறு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மணப்பெண் பொம்மைகள். கல்யாணம் ஆகாமல் செத்த மகனுக்கு, அங்கேயாவது ஒரு துணை இருக்கட்டும் என்று தாய்மார் காணிக்கை வைத்தவை. வெள்ளை முகம், பட்டுக் கிமோனோ, பக்கத்தில் பையனின் போட்டோ. அத்தனை கோபத்தோடு போயிருந்தேன், அந்தப் பெட்டி முன்னால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்ஜினைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கன்னங்கரேல் என்று, எண்ணெய் துடைத்த மாதிரி பளபளவென்று நிற்கிறது. இதைப்போல 90 இன்ஜின்களைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள், 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதை திறந்தபோது விழாவில் ஓடியது இந்த 31. போருக்குப் பிறகு தாய்லாந்தில் ஓடி ஓய்ந்ததை, பாதை போட்ட பழைய ரயில்வேப் படைவீரர்கள் பணம் சேர்த்து வாங்கி, 1979-ல் இங்கே கொண்டுவந்து காணிக்கையாக வைத்தார்கள். பலகையில் இதெல்லாம் இருக்கிறது. பாதை போட்டதில் செத்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இல்லை. ஏறத்தாழ 90,000 என்று சொல்லப்படும் ஆசியக் கூலிகள் இல்லை, அதில் கணிசமானவர்கள் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள்.

சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து, போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று சைகையில் கேட்டார். ‘டிரெயின், லைக்?’ என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன், வேறு என்ன சொல்ல. இரண்டு போட்டோ எடுத்தார், ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறேன்.

நல்லதை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். படியிறங்கி ஸ்டேஷன் வருவதற்குள் போன் அடித்தது.

‘பேரு ஏதும் போட்டிருக்கானாடா?’

‘இல்லப்பா. இன்ஜின் நம்பர் மட்டும்தான்.’

‘சரி, பார்த்து வா’ என்று வைத்துவிட்டார்.