ரெப்பாசிட்டரிக்குள் எது இருக்க வேண்டும்?

டைப்ஸ்கிரிப்டில், தரவுத்தளத்தோடு பேசும் வேலையைத் தனியோர் அடுக்கில் ஒதுக்கும் ரெப்பாசிட்டரி முறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம், நாளைக்கே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை விட்டு மோங்கோடிபிக்கு மாற நேர்ந்தால் ஓரிடத்தில் மட்டும் கைவைத்தால் போதும் என்பதாகும். நான் பணியாற்றிய எந்தத் திட்டத்திலும் அப்படியொரு நாள் வந்ததில்லை. தரவுத்தளம் தரும் மதிப்புகளை நம்பத்தக்க டைப்களாக மாற்றுவதற்கு ஒரே வாசல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

நோட் சூழலில் போஸ்ட்கிரெஸோடு பேசப் பலரும் பயன்படுத்தும் பிஜி (pg) நூலகத்தையே எடுத்துக்கொள்வோம். நியூமெரிக், பிக்இன்ட் ஆகிய வகைகளை அது இயல்பாக எண்ணாகத் தராமல் ஸ்டிரிங்காகத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் எண் வகையில் 53 பிட்டுக்கு மேற்பட்ட முழு எண்கள் துல்லியம் இழக்கக்கூடும் என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் வினவலின் விடையில் தொகை ஓர் எண் என்று நாம் டைப் எழுதிவிட்டால் கம்பைலர் அதை அப்படியே நம்பிவிடும். டைப்கள் இயக்க நேரத்தில் இருப்பதில்லையாதலால், ஸ்டிரிங்காக வந்த 100 உடன் 5 கூட்டினால் 1005 என்று வந்து நிற்கும். டேபிளின் ரோவை, செயலி கையாளும் டொமைன் ஆப்ஜெக்டாக மாற்றும் ஃபங்ஷன் ரெப்பாசிட்டரிக்குள் இருந்தால் இதைத் தடுக்கும் இடமும் அதுவே. தனித்துவ விதி மீறலுக்குப் போஸ்ட்கிரெஸ் தரும் 23505 என்ற பிழை எண்ணும் அங்கேயே நின்று, ‘இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது’ என்ற பொருளுடைய பிழையாக வெளியே வர வேண்டும்.

எல்லா டேபிளுக்கும் பொதுவான ஒரு ஜெனரிக் கிளாஸ் எழுதி, அதற்குப் பிரிஸ்மா என்ற தரவுத்தள நூலகத்தின் வடிகட்டி ஆப்ஜெக்டை அப்படியே அனுப்புவதை நான் ரெப்பாசிட்டரி என்று ஏற்பதில்லை. நூல்களை இரவல் தரும் நூலகத்துக்கான செயலியில் ‘கெடு கடந்த இரவல்கள்’ என்பதற்கு ஒரு மெத்தட் இருந்தால், தொலைந்த நூல்களை அதிலிருந்து விலக்கும் விதி பின்னர் வரும்போது மாற்ற வேண்டியது அந்த ஒரு மெத்தடை மட்டுமே.

செயலியின் விதிகளைச் செயல்படுத்தும் சர்வீஸ், நேரடியாக ரெப்பாசிட்டரி கிளாஸைச் சாராமல், அதன் மெத்தட்களை மட்டும் அறிவிக்கும் இன்டர்ஃபேஸைச் சார்வதற்கும் டைப்ஸ்கிரிப்டில் ஒரு தனிக் காரணம் உண்டு. அம்மொழி வடிவத்தை வைத்தே பொருத்தம் பார்த்தாலும், கிளாஸில் ஒரு பிரைவேட் உறுப்பு இருந்துவிட்டால், அதே மெத்தட்களைக் கொண்ட சோதனைப் போலியைக்கூட அதன் இடத்தில் ஏற்காது. இன்டர்ஃபேஸ் இயக்க நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் நெஸ்ட்ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கில் அதற்கென ஓர் அடையாளப் பெயரை, அதாவது டோக்கனை, தர வேண்டியிருப்பது சிறு தொல்லைதான்.

உண்மையான சிக்கல், பல மாற்றங்களை ஒன்றாகவே ஏற்கும் அல்லது ஒன்றாகவே கைவிடும் டிரான்ஸாக்‌ஷனில் இருக்கிறது. இரவலைப் பதிவதும் பிரதியின் எண்ணிக்கையைக் குறைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டுமானால், இரண்டு ரெப்பாசிட்டரிகளும் ஒரே டிரான்ஸாக்‌ஷன் கிளையண்டை, அதாவது தரவுத்தள இணைப்பை, பெற வேண்டும். ஒன்று மட்டும் பழைய கிளையண்டைப் பிடித்திருந்தால், அது எழுதுவது டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே சத்தமில்லாமல் நடந்து, மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கிலும் தப்பிவிடும். ஆகவே டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே புதிய ரெப்பாசிட்டரிகளை உருவாக்கித் தரும் ஒரு ஃபங்ஷனை வைத்துக்கொள்கிறேன்.

பல டேபிள்களை இணைக்கும் மாதாந்திர அறிக்கைகளுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவற்றை நேரடி எஸ்கியூஎல்லாகவே எழுதித் தனிக் கோப்பில் வைக்கிறேன்.